வசனத்துக்குள் அடுத்தவர் பேச்சு வந்தால் மேற்கோள்குறி எங்கே போடுவது?

இட்டேரி (கோபி)

வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நடக்கும் கதை. ராத்திரியில் யாரோ மதகைத் திறந்து தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். மறுநாள் வேப்பமரத்தடியில் பஞ்சாயத்து. நடுவயது விவசாயி ஒருவர் எழுந்து, எதிரில் நிற்கும் பையனிடம் சொல்ல வேண்டிய வசனம் இது:

உங்கய்யன் நேத்தே நாந்தான் மதகத் தொறந்தேன்னு சொன்னாரு கண்ணு.

நான் எழுதியபோது நினைத்தது, பையனின் அப்பா முதல் நாளே தன் தப்பை ஒத்துக்கொண்டார் என்று. போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நடிகர் இதைக் கொதித்துப்போய்ப் பேசினார். கேட்டால், "அவங்கப்பன் என்மேல பழி போட்டிருக்கான், எனக்குக் கோபம் வராதா?" என்கிறார். அவர் படித்ததில் "நான்" என்பது அவரே. நான் எழுதியதில் "நான்" என்பது பையனின் அப்பா. நடிகர்மேல் தப்பே இல்லை. வரியை அப்படியும் படிக்கலாம் என்பது எனக்குத்தான் அதுவரை தெரியவில்லை. பையனாக நடித்தவரும் அந்தக் கோபத்துக்கு ஏற்றபடி முகத்தை வைத்துக்கொண்டதால் சீனே வேறு திசையில் போய்விட்டது.

திரைக்கதையில் வசனத்துக்கு மேற்கோள்குறி கிடையாது என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியென்றால் இந்த மாதிரி இடத்தில் என்ன செய்வது? போடலாம் என்றால் ஒற்றையா, இரட்டையா? "தொறந்தேன்னு" என்பதில் குறியை எங்கே வைத்து வெட்டுவது?

மேட்டுக்காடு (பொள்ளாச்சி)

போடலாம். போட்டே ஆகவேண்டும்.

வசனத்துக்கு மேற்கோள்குறி இல்லை என்ற விதி, பாத்திரம் தானாகப் பேசும் பேச்சுக்கு மட்டும்தான். பெயர் மேலே தனி வரியில் இருக்கிறது, பேச்சு கீழே இருக்கிறது, யார் பேசுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அதனால் குறி வேண்டியதில்லை. அந்தப் பேச்சுக்குள் இன்னொருவர் வார்த்தை வந்தால் அதைக் காட்டப் பெயர் வரி கிடையாது. அதற்குத்தான் குறி. வெளியே குறி இல்லாததால் முதல் அடுக்கே இரட்டைக் குறி, அதற்குள் இன்னொன்று வந்தால் ஒற்றை. பிரிட்டிஷ் நாவல்களில் ஒற்றையில் தொடங்குவதைப் பார்த்துச் சிலர் மாற்றிப் போடுவார்கள். எதுவானாலும் முதல் பக்கத்தில் எடுத்த முறையைக் கடைசிப் பக்கம் வரைக்கும் விடக்கூடாது.

நான் உதவி இயக்குநராக இருந்தபோது பாதி நாள் வேலை பிராம்ப்டிங்தான். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரியைச் சொல்லுவேன், நடிகர் அதைக் கேட்டுப் பேசுவார். அவர் தாளைப் பார்ப்பதே இல்லை. அப்போது என் கண்ணில் பட்ட குறிதான் என் குரல் வழியாக அவருக்குப் போகும். குறி இல்லாத வரியை நான் தட்டையாகச் சொன்னால் அவரும் தட்டையாகத்தான் பேசுவார். ஸ்கிரிப்டில் ஒரு சின்னக் குறி எத்தனை பேர் வாய் வழியாகப் போகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

நொய்யல் (கரூர்)

தமிழ் ஆசிரியராக ஒரு வார்த்தை. உங்கள் வரியில் நடந்த குழப்பம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றினால் "நான்" என்பது "அவர்" ஆகிவிடும், காலமும் மாறும். அங்கே குறி இல்லாவிட்டாலும் இலக்கணம் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்ப் பேச்சில் நாம் பெரும்பாலும் சொன்ன வார்த்தையை அப்படியே வைத்து "ன்னு" சேர்த்துவிடுகிறோம். எனவே "நான்" யார் என்பதைச் சூழலும் குரலும்தான் சொல்ல வேண்டும்.

அந்த "ன்னு" வேறு யாருமில்லை, "என்று"தான். "என", "என்று" இரண்டும் எங்கெங்கே வரும் என்று நன்னூல் இடையியலில் ஒரு நூற்பாவே இருக்கிறது. அதை எழுதிய பவணந்தியாரை நம்ம பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வார்கள். அவர் காலத்து ஓலைச்சுவடியில் காற்புள்ளியோ மேற்கோள்குறியோ கிடையாது. பேச்சு முடிகிற இடத்தை "என" என்ற சொல்லே காட்டிவிடும். அச்சு வந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பழக்கிய பிறகுதான் இந்தக் குறிகள் நம் கைக்கு வந்தன.

என் கருத்து இதுதான். "என்று" பேச்சின் முடிவைத்தான் காட்டும். அது எங்கே தொடங்கியது என்பதைக் காட்டத் தமிழில் சொல் இல்லை. உங்கள் வரியிலும் "உங்கய்யன் நேத்தே" முடிந்து "நாந்தான்" தொடங்குகிற இடத்தில்தான் சிக்கல். மூடும் குறியைவிடத் திறக்கும் குறி நமக்கு முக்கியம்.

இட்டேரி

ஐயா, திறக்கும் குறியை நான் இப்படி யோசித்ததே இல்லை. நன்றி.

வெட்டும் இடம்? "தொறந்தேன்" என்பதும் "ன்னு" என்பதும் ஒட்டிக்கொண்டு ஒரே ன்ன ஆகிவிடுகிறதே.

பொடக்காலி (திருப்பூர்)

நான் செய்வது: சொல் "ன்" என்று முடிந்தால் அந்த ன் உள்ளேயே இருக்கட்டும், வெளியே "னு" மட்டும்.

உங்கய்யன் நேத்தே “நாந்தான் மதகத் தொறந்தேன்”னு சொன்னாரு கண்ணு.

உயிரில் முடிந்தால் வெளியே முழு "ன்னு":

“சித்தெ இருங்க”ன்னு சொல்லீட்டுப் போனாரு.

குறிக்கும் னுவுக்கும் நடுவில் இடம் விடக்கூடாது. இடம் விட்டால் வரி மடங்கும்போது "னு" தனியாக அடுத்த வரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். படிப்பவர் அங்கே மூச்சு விட்டுவிடுவார். இன்னொன்று, குறிக்கு வெளியே வெறும் துணைக்கால், கொம்பு வருகிற மாதிரி ஒருபோதும் வெட்டாதீர்கள். திரையில் புள்ளி வட்டம் வந்து நிற்கும்.

வினாக்குறியும் இதே கணக்குதான். கேட்டவருடையது என்றால் உள்ளே, இப்போது பேசுகிறவருடையது என்றால் வெளியே:

“எப்பங்க வருவீங்க?”ன்னு கேட்டான்.

“வரேன்”னு சொன்னானா?

“வர்றியா?”ன்னு கேட்டானா?

மூன்றாவதை நடிகர் இரண்டு இடத்தில் ஏற்றிப் பேச வேண்டும். குறி இல்லாமல் எழுதினால் ஒரு ஏற்றம் காணாமல் போகும்.

உடுக்கை (ஈரோடு)

எல்லோரும் குறியைப் பற்றியே பேசுகிறீர்கள். படம் பார்க்க உட்கார்ந்திருப்பவருக்கு மேற்கோள்குறி கேட்குமா?

நான் மேடை நாடகக்காரன். குறி போட்டதால் உங்கள் நடிகருக்குப் புரிந்துவிடும், சரி. ஆனால் பார்வையாளர் காதில் விழுவது "நாந்தான் மதகத் தொறந்தேன்னு சொன்னாரு" என்பதுதான். நடிகர் குரலை மாற்றாவிட்டால் அதே குழப்பம் அவருக்கும் வரும். முதலில் வரியைச் சரிசெய்யுங்கள்:

நாந்தான் மதகத் தொறந்தேன்னு உங்கய்யனே எங்கிட்ட வந்து சொன்னாரு கண்ணு.

"உங்கய்யனே" என்று ஒரு ஏகாரம், "எங்கிட்ட வந்து" என்று இரண்டு சொல். அவ்வளவுதான். இனி எந்தக் காதுக்கும் சந்தேகம் வராது. ஊரில் பேசுகிறவர்கள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் குறி இல்லை. கேட்கிறவர் "யாரு, நீங்களா?" என்று ஒருமுறை குழம்பிவிட்டால் அடுத்தமுறை வரிசையை மாற்றிச் சொல்வார்கள்.

குறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறியை நம்பி வரியைச் சோம்பலாக எழுத வேண்டாம் என்கிறேன்.

மேட்டுக்காடு

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லா வரியையும் இப்படித் தெளிவாக்கினால் பேச்சு கணக்கெழுதின மாதிரி ஆகிவிடும். சில இடத்தில் குழப்பமே வேண்டும். பஞ்சாயத்தில் நிற்கிறவர்கள் ஒரு நொடி "யாரு தொறந்தது?" என்று திகைத்துவிட்டுப் புரிந்துகொண்டால் அந்த சீனுக்குப் பலம். அப்போது நடிகருக்கு மட்டும் தெளிவு வேண்டும், அதற்குக் குறி உதவும்.

அப்புறம், அயற்கூற்றாக மாற்றி "தானே மதகைத் திறந்ததாக உங்கய்யன் சொன்னார்" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். இலக்கணப்படி சுத்தம், ஆனால் வேப்பமரத்தடியில் நின்று அப்படிப் பேச ஆள் கிடையாது.

சாளரம் (கோவை)

நான் துணைவரி (சப்டைட்டில்) எழுதுகிறவள். கொங்கு வசனத்தில் நான் தினமும் முட்டிக்கொள்ளும் இடம் "ங்க". அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

இரண்டு வரியைப் பாருங்கள்:

அவரு “வரமுடியாதுங்க”ன்னு சொல்லீட்டாருங்க.

அவரு “வரமுடியாது”ன்னு சொல்லீட்டாருங்க.

கடைசி "ங்க" இரண்டிலும் ஒன்றுதான். பேசுகிறவர் எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை அது. உள்ளே இருக்கும் "ங்க" வேறு. அது அந்த "அவர்" மறுத்தபோது கொடுத்த மரியாதை. முதல் வரியில் கையைக் கட்டிக்கொண்டு மறுத்திருக்கிறார். இரண்டாவதில் முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருக்கிறார். பெண் கேட்டுப் போன இடத்திலோ, கடன் கேட்டுப் போன இடத்திலோ இந்த ஒரு "ங்க"தான் கதை. "வரமுடியாதுங்கன்னு" என்று சேர்த்து அடித்துவிட்டால், வெளியூர் நடிகரும் டப்பிங் பேசுகிறவரும் கொங்குப் பேச்சு என்றாலே எல்லா இடத்திலும் ஒரு ங்க வரும் என்று நினைத்து அதை விழுங்கிவிடுகிறார்கள்.

குறி இருந்தால் எனக்கும் வேலை எளிது. ஆங்கிலத் துணைவரியில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது பரவலாக இருக்கும் வரம்பு. அதற்குள் யார் சொன்னது, எவ்வளவு பணிவாகச் சொன்னது இரண்டையும் நான் அடக்க வேண்டும். ஸ்கிரிப்டில் குறி இல்லாவிட்டால் நடிகர் குரலை வைத்து ஊகிக்கிறேன், அவரும் ஊகித்துத்தான் பேசியிருப்பார்.

இட்டேரி

இதைப் படித்துவிட்டு ஸ்கிரிப்ட் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். ஏழு இடத்தில் ங்கவை நான் பழக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதில் மூன்று இடத்தில் உள்ளே இருக்கவே கூடாது. ஒரு மிராசுதார் தன் பண்ணையத்து ஆளிடம் பேசியதை அந்த ஆள் திருப்பிச் சொல்லும் இடம். அங்கே எப்படி ங்க வரும்! என் காது அந்த ஆளின் மரியாதையை மிராசுதார் வாயிலும் ஏற்றிவிட்டது.

நொய்யல்

அது உங்கள் தவறு மட்டும் இல்லை. பெரியவர் முன்னால் நிற்கும்போது, எடுத்துச் சொல்லும் பேச்சிலும் மரியாதை தானாக ஊறிவிடும். உண்மையான பேச்சிலேயே இது நடக்கிறது. அப்படி நடப்பதைக் காட்டத்தான் விரும்புகிறீர்கள் என்றால் குறி போடாமல் விடுங்கள், சொன்னது சொன்னபடியே இல்லை என்று அர்த்தமாகும். சொன்ன வார்த்தை அப்படியே வேண்டும் என்றால் குறி.

இதையொட்டி இன்னொன்று. கொங்கில் "ஆமா" சேர்த்துச் சொல்லும் பேச்சுக்கு ஒருநாளும் குறி போடாதீர்கள்.

அவரு நாளைக்கு வரமாட்டாராமாங்க.

இங்கே செய்தி மட்டும்தான் வருகிறது, அவர் குரல் வரவில்லை.

பொடக்காலி

"என்ற" பற்றி எச்சரிக்க மறந்துவிட்டேன். நம் பக்கம் "என்ற பையன்" என்றால் என் பையன். எழுத்துத் தமிழில் "என்று சொன்ன". ஒருமுறை நான் எழுதியது:

கட்டாயம் வருவேன் என்ற பையன் சொல்லீருக்கான்.

வெளியூர்க்காரர் ஒருவர் இதை "வருவேன் என்று சொன்ன பையன் ஏதோ சொல்லியிருக்கிறான்" என்று படித்துவிட்டு, என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டார். இப்போது இப்படி எழுதுகிறேன்:

“கட்டாயம் வருவேன்”னு என்ற பையன் சொல்லீருக்கான்.

வசனத்தில் "என்ற" வந்தால் அது "என்னுடைய" மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். மற்ற பொருளுக்கு "ங்கற", "ன்ன" இருக்கவே இருக்கிறது.

உடுக்கை

கடிதம் படிக்கும் காட்சியை எப்படி எழுதுகிறீர்கள்? அதில்தான் நான் அதிகம் சண்டை பார்த்திருக்கிறேன்.

மேட்டுக்காடு

யார் குரல் கேட்கிறது என்பதை வைத்துத்தான் எழுத வேண்டும். பேத்தி கையில் தாளை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால், பெயர் வரியில் பேத்தி, அடைப்புக்குறிக்குள் (படிக்கிறாள்), வசனம் இரட்டைக் குறிக்குள். நடுவில் நிறுத்திவிட்டுத் தன் வார்த்தையில் ஏதாவது சொன்னால் அங்கே குறியை மூடிவிட்டு, திரும்பப் படிக்கும்போது திறக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது கடிதம் எழுதிய அப்புச்சியின் (தாத்தாவின்) குரலுக்கு மாறினால், பெயர் வரியில் அப்புச்சி, பக்கத்தில் (பின்னணிக் குரல்), குறியே வேண்டாம். இப்போது பேசுகிறவர் அவரேதான்.

நாவலில் மேற்கோள் பல பத்தி ஓடினால் ஒவ்வொரு பத்தியிலும் குறியைத் திறந்து கடைசியில் மட்டும் மூடுவார்கள். வசனத்தில் நடுவே செயல் வரி வந்து வெட்டினால் நான் அங்கேயே மூடிவிடுவேன். படப்பிடிப்பில் பக்கங்கள் துண்டு துண்டாகக் கைமாறும், திறந்த குறி முந்தின பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

வாட்ஸ்அப் செய்தி, பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை இவை திரையில் தெரிந்தால் வசனமே இல்லை. செயல் வரியில் எழுதிவிடுங்கள்.

சாளரம்

சாமி வந்து ஆடும்போது பேசுவதை என்ன செய்வது? மாரியம்மன் பண்டிகைக் காட்சி ஒன்று கையில் இருக்கிறது. ஸ்கிரிப்டில் அருள்வாக்கு முழுவதையும் மேற்கோளுக்குள் போட்டிருக்கிறார்கள்.

உடுக்கை

கூடவே கூடாது. அருள் வந்தவர் அம்மன் சொன்னதை எடுத்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அம்மனே பேசுகிறாள், முன்னால் நிற்கும் சனம் அப்படித்தான் கேட்கிறது. குறி போட்டால் நடிகை வெளியே நின்று பாவனை பண்ணிக்கொண்டு பேசுவார், அந்த இடமே விழுந்துவிடும். பெயர் வரியில் அந்தப் பெண்ணின் பெயர், அடைப்பில் (அருள் வந்து), கீழே வெறும் வசனம். அடுத்த நாள் கிணற்றடியில் ஒருத்தி அதை இன்னொருத்தியிடம் சொல்கிறாள் பாருங்கள், அங்கே குறி போடுங்கள்:

“எனக்கு ஒரு கொறையும் வெக்கல, ஆனா தண்ணிய மறிச்சவன உடமாட்டேன்”னு சொல்லுச்சுக்கா.

அப்புறம் பழமொழி. அதற்குச் சிலர் குறி போடுகிறார்கள். தேவையில்லை. "ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று பேசுகிறவர் யார் குரலையும் எடுக்கவில்லை. அது அவர் சொந்தப் பேச்சு.

நொய்யல்

பழமொழி சரி. குறளோ பாட்டு வரியோ சொன்னால் குறி போட்டு, அடி பிரிந்து வரும்படி வரி மடக்கி எழுதுங்கள். முதல் அடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். இதை ஓட்டமாக எழுதிவிட்டால் படிக்கிறவர் தப்பான இடத்தில் நிறுத்துவார்.

அடுக்கு மேற்கோளுக்கும் ஒரு மாதிரி தருகிறேன். வீட்டில் அம்முச்சி (பாட்டி) பேசுவது:

உங்கப்புச்சி வந்து, “சோசியக்காரன் ‘மூணு மாசம் பொறுங்க’ன்னு சொல்றான்”னு சொன்னாரு.

இரண்டு அடுக்கு வரை தாங்கும். மூன்றாவது அடுக்கு வந்தால் வரியை உடைத்துவிடுங்கள். அம்முச்சிகள் மூன்று அடுக்கு பேசுவார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கை, கண், குரல் எல்லாம் உதவிக்கு இருக்கிறது.

பொடக்காலி

அகலத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க முறையில் கூரியர் எழுத்துரு 12 புள்ளி, அங்குலத்துக்கு 10 எழுத்து, வசனப் பத்தி சுமார் 3.5 அங்குலம், ஆக 35 எழுத்து. தமிழில் "னு"வும் "ணை"யும் ஒரே அகலம் இல்லை, அந்தக் கணக்கு அப்படியே வராது. நான்கு சீர் ஒரு வரியில் அடங்காது. குறள் வரும் இடத்தில் மட்டும் நான் பத்தியை அகலமாக்கிக்கொள்கிறேன்.

பவுன்டைன் (Fountain, வெறும் உரைக்கோப்பில் திரைக்கதை எழுதும் வடிவம்) முறையில் எழுதுகிறவர்கள் கவனிக்க: அது பெயர் வரியைப் பெரிய எழுத்தை வைத்து அடையாளம் காணும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் பெயருக்கு முன் @ போட வேண்டும். பாட்டு வரிக்கு முன் ~ போட்டால் பாட்டாகத் தனியே நிற்கும், மேற்கோள்குறி வேண்டாம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் குறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒருமுறை எனக்குத் திறக்கும் குறியெல்லாம் வேறு எழுத்தாக மாறி, ஒரு நாள் முழுக்கத் திருத்தினேன்.

இட்டேரி

எல்லோருக்கும் நன்றி. உடுக்கை அண்ணன் சொன்னபடி வரியை மாற்றினேன், பொடக்காலி சொன்ன இடத்தில் வெட்டினேன், சாளரம் அக்கா சொன்ன ங்கவையும் பார்த்துக்கொண்டேன். பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

விவசாயி
(பையனிடம்)
உங்கய்யனே ராத்திரி எங்கிட்ட வந்தாரு கண்ணு. “நாந்தான் மதகத் தொறந்தேன். பையனுக்குத் தெரியவேண்டாம்”னு சொன்னாரு.
(பெரியவர்கள் பக்கம் திரும்பி)
அதுக்கு மேல நா ஒண்ணுங் கேக்கலீங்க.

அப்புச்சியிடம் படித்துக் காட்டினேன். பழைய வரியைப் படித்தபோது "எவன் தொறந்தது?" என்று கேட்டார். இதைப் படித்தபோது ஒன்றும் கேட்கவில்லை, "பையன் என்ன சொன்னான்?" என்றார். அந்தப் பதிலை இன்னும் எழுதவில்லை. இன்றைக்கு ராத்திரி அதை எழுதி முடித்துவிட்டுத்தான் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன்.